சுவரில் இருந்த கைத்தடம்

நாங்கள் பொருத்திக் கொடுத்த கைப்பிடிக் கம்பியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

கழிப்பறை இருக்கைக்கு வலப்பக்கம், அளவெடுத்து, சுவரைத் தட்டிப் பார்த்துத் துளையிட்டு, என் முழு எடையையும் போட்டு இழுத்து உறுதிசெய்த கம்பி அது. மூன்று வாரம் கழித்துப் போய், "பயன்படுகிறதா அம்மா?" என்று கேட்டேன். "நன்றாகப் பயன்படுகிறது தம்பி. ஈரத்துணி போட வசதியாக இருக்கிறது" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் உறைத்தது. (எங்கள் வேலையில் வழக்கமாக வரும் தொல்லை இதற்கு நேர்மாறானது. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு சேர்ந்து விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ உதவும் ஒரு சமூகத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பணியாளன் நான். கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். குளிப்பது, உடுத்துவது, கழிவறை செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது ஆகிய ஆறையும் துணையின்றிச் செய்ய முடிகிறதா என்று குறிக்க வேண்டும். சிட்னி கட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அவருடைய கை எங்கே போகிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

அன்று படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "இரவில் எழுந்து போவதுபோல ஒரு முறை போய்க் காட்டுங்களேன்" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். இடது கை அலமாரியின் முனையைத் தொட்டது. அங்கிருந்து கதவு நிலைக்குத் தாவியது. குளியலறைக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில், தோளுக்குக் கொஞ்சம் கீழே பதிந்தது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் கறுத்து, எண்ணெய்ப் பளபளப்பேறி இருந்தது. எத்தனை வருட இரவுகளோ! கம்பியை எங்கே வைக்க வேண்டும் என்று அந்தச் சுவர் எழுதியே வைத்திருந்தது. வலது தோளை உயர்த்த முடியாது என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கறை இருந்த இடத்திலேயே இன்னொரு கம்பியைப் பொருத்தினோம். பழையதைக் கழற்ற அவர் விடவில்லை, துண்டுக்கு வேண்டுமாம்.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்களைத்தான் பார்க்கிறேன். நாற்காலிகளின் முதுகில் எங்கே வண்ணம் தேய்ந்திருக்கிறது, எந்தப் படியில் கைப்பிடி ஆடுகிறது, எந்த அறைக் கதவு மாதக்கணக்காகத் திறக்கப்படவில்லை என்று பார்க்கிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியில் சாரா சான்டன் முன்னின்று உருவாக்கிய 'கேப்பபிள்' திட்டத்தைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது. செவிலியர், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள வழிகாட்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வீட்டைப் பழுதுபார்ப்பவர் என மூவர் சில மாதங்கள் ஒரே முதியவருக்காக வேலை செய்கிறார்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர் அந்த முதியவர்தான். சுத்தியல் பிடிப்பவரையும் செவிலியரையும் ஒரே குழுவில் வைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்களிடம் துளையிட வருபவருக்குக் கூட்டத்தில் நாற்காலிகூடப் போடுவதில்லை.

கம்பியை இடம் மாற்றிவிடலாம். அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்திருக்கிறேன். தனியாக வாழும் ஒரு பெரியவர், கடைக்குப் போய் வருவது சிரமமாக இருக்கிறது என்றார். உடனே ஒரு தன்னார்வலரை ஏற்பாடு செய்தேன். வாரம் இரண்டு முறை பொருள்கள் வாசலுக்கே வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆறு மாதம் கழித்து அவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளந்தோம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். முதலில் 11 விநாடியில் முடித்தவருக்கு இப்போது 17 ஆனது. அவர் நடந்துகொண்டிருந்த ஒரே நடையை நான்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரமம் என்றுதான் சொன்னார். முடியாது என்று எழுதிக்கொண்டது நான்.

வீட்டில் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று நான் வாதாடமாட்டேன். அடுப்பை அணைக்க மறப்பவரை, இரவில் வழி தெரியாமல் வெளியே போய்விடுபவரைத் தனியே விட்டுவைப்பது அன்பாகாது. ஆனால் இந்தப் பெரியவருக்கு மறதியும் இல்லை, பிடிவாதத்துக்கும் குறைவில்லை.

ஏற்பாட்டை மாற்றினோம். தன்னார்வலர் இப்போது பொருள்களை வாங்கி வருவதில்லை, அவரோடு கூடப் போகிறார். இருபது நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மாத அறிக்கையில் 'சேவை பெற்றவர்கள்' எண்ணிக்கை குறைந்துவிட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் நான் பதில் எழுதவில்லை.

போன வாரம் வழியில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். பெரியவர் கைத்தடியை ஊன்றி முன்னால் நடக்க, பையைச் சுமந்தபடி இரண்டடி பின்னால் அந்த இளைஞர் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பெரியவர் நின்று, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "வேறு யாராவது இருந்தால் அனுப்புங்கள் தம்பி. இந்தப் பையன் ரொம்ப மெதுவாக நடக்கிறான்."