இசிஜி மென்பொருளுக்கும் அனுமதி வேண்டும்

அமெரிக்காவில் இசிஜியை அலசிச் சொல்லும் மென்பொருளும் சட்டப்படி மருத்துவக் கருவிதான். அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. பெரும்பாலும் 510(கே) என்ற அனுமதி வழிதான்: ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு ஈடானது என்று காட்டினால் போதும். (ஒவ்வொன்றையும் நோயாளிகளிடம் புதிதாகச் சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள் என்று பலர் தவறாக நம்புகிறார்கள்.)

அலைவ்கோர் என்ற நிறுவனத்தையே பாருங்கள். போனோடு சேர்த்து இசிஜி எடுக்கும் கருவிக்கு 2012-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவைப் படித்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒருவகை ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) இருக்கிறதா என்று சொல்லும் அல்காரிதத்துக்கு 2014-இல்தான் அனுமதி. இந்தக் கெடுபிடி எனக்குச் சரியாகவே படுகிறது.

அப்புறம் 2018-இல் ஆப்பிள் வாட்ச் இசிஜி வந்தது. 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை என்று அதற்கும் வரம்பு போட்டார்கள். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ!