ரெண்டு இருந்தா போதுமா?

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காத்தாடி (காற்றாலை) பண்ணைகளில் டேட்டா வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷம் என்பதே மே முதல் செப்டம்பர் வரைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று சீறி வரும் மாதங்கள் அவை. ஒரு நாளை 15 நிமிடங்களாகப் பிரித்து, 96 கட்டங்களுக்கும் உற்பத்தி இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் தவறினால் பணம் கட்ட வேண்டும். கணிப்பைத் திருத்த நேரடி டேட்டா தேவை. அது ஆடியில் நின்றால் எல்லோருடைய போனும் அடிக்கும்.

உடனே கேட்பது, டேட்டாவை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டருக்குத் துணையாக இரண்டாவது சர்வர். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் நான் பார்த்தவரை சர்வர் படுப்பது அபூர்வம். யுபிஎஸ் பேட்டரி, ஸ்விட்ச், கேபிள் இவைதான் முதலில் போகும். இரண்டு சர்வரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ரிடண்டன்சி (ஒன்று போனால் இன்னொன்று) என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

ஒரு சைட்டில் ரூட்டரில் இரண்டு கம்பெனி சிம் போட்டிருந்தோம். ஒன்று போனால் மற்றது தூக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாலை இடிமழையில் இரண்டும் ஒன்றாகச் செத்தன. நாங்கள் ரூட்டர் செட்டிங்கைத் துருவிக்கொண்டிருக்க, டீ கிளாஸோடு நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சொன்னார்: “கம்பெனிதான் சார் ரெண்டு, டவர் ஒண்ணுதான? அங்க கரண்டு போனா ரெண்டும் போவும்லா.” அப்புறம் ஒரு சிம்முக்குத் தனி ஆன்டெனா வைத்து வேறு டவர் பக்கம் திருப்பினோம். ஃபைபர் ரிங்கிலும், அதாவது ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் டேட்டா போகும்படி வட்டமாக இழுத்த கேபிளிலும், இதே கதைதான். போகிற இழையும் திரும்புகிற இழையும் ஒரே பள்ளத்தில் கிடந்தால் ஜேசிபிக்கு ஒரு வாளி போதும்.

என் கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் காத்தாடி அடியிலுள்ள கேட்வேயில் (டேட்டாவை வாங்கி சர்வருக்கு அனுப்பும் பெட்டி) மெமரி போடுவேன். லைன் அறுந்தாலும் அது சேமித்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: நேர முத்திரை அங்கேயே விழ வேண்டும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டால், மூன்று மணி நேரக் காற்று முழுவதும் ஒரே நிமிடத்தில் அடித்ததாக கிராஃப் காட்டும்!

ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருக்கும் இரண்டாவது சர்வர், எப்போது எழ வேண்டும் என்பதிலும் வில்லங்கம் உண்டு. பிங்குக்கு (‘இருக்கியா?’ என்று நெட்வொர்க்கில் கேட்கும் சின்னச் சோதனை) பதில் வந்தால் முதல் சர்வர் உயிரோடு இருப்பதாகப் பலர் வைத்துவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் உறைந்துபோன மெஷினும் பிங்குக்குப் பதில் சொல்லும். கடைசியாக வந்த மதிப்புக்கு எத்தனை நொடி வயது என்று பார்க்க வேண்டும். இரண்டு சர்வருக்கும் இடையிலான லைன் அறுந்தால் இரண்டுமே ‘நான்தான் முதல்’ என்று கிளம்பும். அதனால் அவற்றுக்கு இடையிலும் இன்னொரு தனி லைன் வேண்டும்.

இதையெல்லாம் சோதிக்கக் காற்று ஓய்ந்த மார்கழிதான் தோது. மெனுவில் போய் மரியாதையாக ஷட்டவுன் செய்து பார்ப்பது சோதனையே இல்லை. பவர் கார்டைப் பிடுங்க வேண்டும். “ஓடுறத ஏன்யா புடுங்குதீரு?” என்று மேனேஜர் கேட்பார். கேட்கட்டும், ஆடியில் அவரே போன் பண்ணுவதைவிட அது மேல்.