உருகாத வெள்ளி எங்கே போனது?

போன மாதம் கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு செராமிக் தகட்டைச் செம்பின் மேல் ஒட்ட வேண்டியிருந்தது. செராமிக்கில் ஈயப்பற்று நேராக ஒட்டாது என்பதால் அதன் மேல் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு வெள்ளி பூசி வைத்திருந்தார்கள். நான் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத்தின் 100 மைக்ரான் தகட்டை நடுவில் வைத்து 180 டிகிரியில் உருக்கி ஆறவிட்டேன். பார்க்க அழகாகத்தான் ஒட்டியிருந்தது. சோதனைக்காக மறுபடி சூடேற்றியபோது 145 டிகிரியிலேயே செராமிக் தகடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இண்டியம் உருகுவது 156.6 டிகிரியில், அதற்கும் 11 டிகிரி முன்னாலேயே எப்படி இளகியது? தகட்டைத் திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளைச் செராமிக், பூசியிருந்த வெள்ளியைக் காணவே காணோம்.

அந்த ஞாயிறு சேலம் போயிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், முப்பது வருஷமாக வெள்ளியோடு பழகுகிற கை. கதையைச் சொன்னதும் வெங்காரம் உரைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, வெள்ளி உருக 960 டிகிரி வேணும். நீ வெச்சது 180. உருகாத வெள்ளி எங்க போச்சு?"

சரியான கேள்வி. உப்பு உருக 800 டிகிரி வேண்டும், ஆனால் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடுகிறது இல்லையா? அதேபோல உருகிய இண்டியத்தில் வெள்ளி கரைகிறது. 100 மைக்ரான் இண்டியத்தில் 2 மைக்ரான் வெள்ளி கரைந்தால் எடைக்கணக்கில் ஏறத்தாழ 3 சதவீதம் வரும். என் கெட்ட நேரம், 97 பங்கு இண்டியத்தோடு 3 பங்கு வெள்ளி என்பதுதான் இந்த ஜோடியிலேயே குறைந்த சூட்டில், சுமார் 144 டிகிரியில், உருகும் கலவை. தெரியாமலே அதை அச்சாகச் செய்து வைத்திருக்கிறேன். இதை மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளியோடு செம்பு சேர்த்தால் சீக்கிரம் இளகும் என்பது பத்தாசு, அதாவது நகைத் துண்டுகளை ஒட்டும் பற்று, வைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே. 72 பங்கு வெள்ளிக்கு 28 பங்கு செம்பு என்றால் 779 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வெள்ளியும் செம்பும் ஆறும்போது மறுபடி தனித்தனியாகப் பிரிந்து, வெள்ளி மிகுந்த துணுக்கும் செம்பு மிகுந்த துணுக்கும் பக்கத்துப் பக்கத்தில் உறைகின்றன, புதிதாக எதுவும் பிறப்பதில்லை. வெள்ளியும் இண்டியமும் அப்படி இல்லை, இரண்டும் வினைபுரிந்து, தனக்கென்று ஒரு படிக அமைப்பு உள்ள மூன்றாவது பொருளாகவே மாறிவிடுகின்றன. இன்டர்மெட்டாலிக் என்பது இதைத்தான். ஒரு வெள்ளி அணுவுக்கு இரண்டு இண்டியம் அணு என்று சேர்ந்தால் ஒன்று. அது 166 டிகிரி வாக்கில் சிதைந்துவிடும். இரண்டு வெள்ளிக்கு ஓர் இண்டியம் என்று சேர்ந்தால் இன்னொன்று. அது அதைவிட நூறு டிகிரிக்கு மேல் கூடுதலாகத் தாங்கும். வெள்ளி இன்னும் மிகுந்துகொண்டே போனால் இணைப்பு 600 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். அதே இரண்டு உலோகம்தான், ஒரு விகிதத்தில் 144-இல் ஓடுகிறது, இன்னொரு விகிதத்தில் 600-ஐத் தாண்டி நிற்கிறது. நான் தப்பு விட்டது சூட்டில் இல்லை, கனத்தில்.

கணக்குப் போட்டேன். இண்டியம் முழுவதும் அந்த இரண்டாவது வகையாக மாற 1 மைக்ரான் வெள்ளிக்கு முக்கால் மைக்ரான் இண்டியம்தான் இருக்க வேண்டும், நான் கொடுத்தது 50. முதல் வகைக்கே 3 மைக்ரான் போதும்.

மாமா சும்மா விடுவாரா? கொலுசுக்கு வெட்டிய சுத்த வெள்ளித் தகட்டில் இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த இண்டியம் கம்பியை வாங்கி நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. வளைத்தபோது கிறீச்சென்று மெல்லிய சத்தம் வந்தது, காதருகே வைத்து இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தார். பெயரைக் கேட்டதும் "நம்ம நாட்டுச் சரக்கா?" என்றார். 1863-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்கில் ரைக், ரிக்டர் என்ற இருவர் துத்தநாகத் தாதுவைச் சோதித்தபோது நிறமாலையில் இண்டிகோ நிறக் கோடு ஒன்று தெரிந்ததால் வந்த பெயர் அது. இண்டிகோ என்றால் நம் அவுரி நீலம், அந்தச் சொல்லுக்கே இந்தியாவிலிருந்து வந்தது என்றுதான் பொருள். அதனால் மாமா கேட்டதும் பாதி சரிதான்.

இண்டியத்தைத் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, இரு வெள்ளித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி 200 டிகிரியில் விட்டோம். மிச்சம் பிதுங்கி ஓரத்தில் முத்து முத்தாக வந்ததைத் துடைத்தேன். இரண்டரை மணி நேரம் போனது, அதற்குள் இரண்டு டீ. அப்புறம் 250 டிகிரிக்கு ஏற்றி, ஆளுக்கொரு கொறடால் பிடித்து இழுத்தோம், வரவில்லை. இண்டியமாகவே இருந்திருந்தால் இந்தச் சூட்டில் வெண்ணெயாக வழுக்கியிருக்கும்.

"அப்ப கொலுசுக்கு இதையே வெக்கலாமாடா?" என்றார். வேண்டாம் மாமா என்றேன். இண்டியம் துத்தநாகத் தாதுவோடு துளித்துளியாகக் கிடைப்பது, போன் திரைக்கும் டிவி திரைக்கும் போகிற பொருள், விலை கட்டாது. அதோடு கொலுசுக்குப் பத்தாசு நிமிஷத்தில் பிடித்துவிடும், இதுக்கு இரண்டரை மணி நேரம் யார் காத்திருப்பது? சூடு தாங்காத பொருளைச் சூடு தாங்கும்படி ஒட்டத்தான் இது. கோயம்புத்தூர் வந்ததும் வெள்ளியைக் கனமாகப் பூசச் சொல்லி, இண்டியத்தைச் சில மைக்ரானுக்குக் குறைத்தேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இந்த வினைக்கு அடுப்பே வேண்டியதில்லை. சூட்டைப் பூஜ்யத்திலிருந்து இல்லாமல் மிகக் குளிர்ந்த எல்லையான மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணினால், அறைச் சூடே இண்டியத்தின் உருகுநிலையில் பத்தில் ஏழு பங்கு வந்துவிடும், அதனால் வெள்ளி அணுக்கள் அதன் இடுக்குகளில் நுழைந்து வேகமாக நகரும். இரண்டையும் சுத்தமாகத் தேய்த்து அழுத்தி வைத்தால் போதும், அந்த முதல் வகைச் சேர்மம் தானாக வளர ஆரம்பித்துவிடும். மாமாவிடம் சொன்னால் நம்பவில்லை. அதனால் ஒரு துண்டு வெள்ளியில் இண்டியத்தைக் கையால் அழுத்தி ஒட்டி, தேதி எழுதி, தராசுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஆடிப் பதினெட்டுக்குப் போகும்போது குறுக்கே அறுத்து மெருகு போட்டு, நடுவில் என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். "அதுவரைக்கும் தொட மாட்டேன் கண்ணு" என்றிருக்கிறார்.