வட்டுக்கோட்டையில் நான் அறிந்துகொண்ட வைத்தியர் கிறீன்

வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் உயிரியல் ஆசிரியர் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாங்கள் ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே உடற்கூற்றியலை, எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள மானிப்பாயில், நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தமிழ் மாணவர்கள் தமிழில் கற்றுப் பரீட்சை எழுதி வைத்தியர்களாக வெளியேறினார்கள் என்று அவர் சொன்னபோது வகுப்பில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. கிறே என்ற ஆங்கில வைத்தியரின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872 இலேயே தமிழில் அச்சாகியது என்ற செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நம் கல்லூரிக்கும் அந்த வரலாற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் நேத்தன் வார்ட் வட்டுக்கோட்டையில் பணிசெய்தார். 1847 இல் வந்து சேர்ந்த கிறீனும் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியிருந்தே, பின்னர் மானிப்பாய்க்குச் சென்றார். 1848 இல் அவர் தொடங்கிய மருத்துவ வகுப்பின் ஆரம்பகால மாணவர்கள் நம் கல்லூரிக்கு முன்னோடியாக விளங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் பிள்ளைகளே. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

முதலில் அவரும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால், ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடிப் பட்டினங்களுக்குச் செல்ல, வாந்திபேதியும் அம்மையும் வாரிக்கொண்டு போன கிராமங்களோ வைத்தியரின்றியே இருப்பதை அவர் கண்டார். தமிழிலே கற்றவர் தம் ஊரிலேயே இருந்து தம் மக்களுக்கு வைத்தியம் செய்வார் என்ற எண்ணம் அவருள் வலுப்பெற்றது. அமெரிக்காவில் சில ஆண்டுகளைக் கழித்துத் திரும்பிய பின்னர், 1864 முதல் முழுமையாகத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குப் பாடநூல்கள் வேண்டும். ஆகவே அவற்றையும் தாமும் தம் மாணவர்களுமாக ஆக்கிக்கொண்டார். அங்காதிபாதம் (உடற்கூற்றியல்), பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் (சத்திரசிகிச்சை), வைத்தியாகரம் (பொது மருத்துவம்), கெமிஸ்தம் (இரசாயனவியல்) என அந்நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சில மானிப்பாயிலும் சில நாகர்கோவிலிலும் அச்சாயின. அவரிடம் பயின்று வைத்தியர்களானவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள். ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளில் தாமே பார்க்கக்கூடிய நோயாளரைவிட, அவருடைய மாணவர்கள் ஊரூராகச் சென்று பார்த்தவர்கள் எத்தனை மடங்கு அதிகமாக இருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் நான் வியப்படைகிறேன்.

இந்த உழைப்பை அவருடைய கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து பிரித்து எடுத்து, தமிழ்ப் பற்று என்று மாத்திரம் பேசிவிட்டுப் போவது நம்மவரிடையே வழக்கமாகி வருகிறது. அது அவருக்கு நீதியாகாது என்றே கருதுகிறேன். மானிப்பாய் மருந்தகத்தில் நோயாளரைப் பார்க்கத் தொடங்குமுன் வேதம் வாசிக்கப்பட்டது, ஜெபம் செய்யப்பட்டது. நோயாளரும் மாணவரும் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பது அவருடைய வெளிப்படையான விருப்பம். ஆனால், ஞானஸ்நானம் பெற்றவருக்குத்தான் மருந்து என்று அவர் ஒருநாளும் வாசலை அடைத்ததில்லை. சைவர்களாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகிச் சைவர்களாகவே வீடு திரும்பினார்கள். மறுநாளும் அதே கதவு திறந்திருந்தது. கிறிஸ்தவர்களான மாணவர்கள் மேலைநாட்டாரைப் போல உடுத்துவதையும் வாழ்வதையும் அவர் விரும்பவில்லை. அவர்கள் தம் மக்களுக்குள் தமிழராகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். ஊழியம் செய்கிறவர் தாம் சேவிக்கும் மக்களின் மொழிக்குள்ளும் பழக்கத்துக்குள்ளும் இறங்கி வரவேண்டும் என்பதை அந்த வசனத்திலிருந்து கிறீன் கற்றிருந்தார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

கல்லூரியை விட்டு லண்டனுக்கு வந்த பின்னர் நான் மருந்தாளராகி, ஓய்வுபெறும்வரை வைத்தியசாலைகளிலேயே வேலை செய்தேன். அங்கே நான் கண்ட நம் முதியவர்களின் நிலை என்னை மிகவும் வருத்தியது. நல்ல மருந்தும் நல்ல வைத்தியரும் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், குளிசைப் போத்தலின் மேல் எழுதியிருப்பது விளங்காமல், பேரப்பிள்ளை பாடசாலையிலிருந்து வரும்வரை காத்திருக்கும் அம்மாமாரையும் ஐயாமாரையும் எத்தனையோ பேரைப் பார்த்தேன். அதனால் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில், முதியவர்கள் தம் மருந்துகளோடு வந்து தமிழில் விளக்கம் கேட்டுச் செல்வதற்கு நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு மேசையைப் போட்டோம். வருபவர்களில் கூடுதலானோர் சைவர்கள். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், மூச்சுக் கோளாறுக்கான ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது என்பன போன்ற சிறிய விடயங்களே அங்கு பேசப்படுகின்றன. கந்தசஷ்டி வரும்போது, இன்சுலின் போடும் அம்மாமார் விரதத்தைப் பற்றிக் கேட்பார்கள். விரதத்தைக் கைவிடும்படி நாங்கள் சொல்வதில்லை. அளவைத் தாமாக மாற்றாமல், முன்கூட்டியே வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ பேசும்படி சொல்லி, அவரிடம் கேட்கவேண்டியதை ஆங்கிலத்தில் எழுதியும் கொடுக்கிறோம். மண்டபத்துக்கு வரும் ஒருவரிடமும் சமயம் கேட்கப்படுவதில்லை. நான் அங்கே போவது எதற்காக என்று கேட்டால், கிறிஸ்துவை நம்புகிறேன், அதற்காகவே போகிறேன் என்று தயங்காமல் சொல்வேன்.

கிறீனின் வாழ்வில் வெளிநாடுகளில் வாழும் நமக்கு மிக நெருக்கமான பகுதி அதன் இறுதிக்காலமே. உடல்நலம் குன்றி 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர் மீண்டும் வரவேயில்லை. ஆனால் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் தொடர்ந்து உருவாக்கினார். உடற்றொழிலியலைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் காலமானார். தம் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று பொறிக்கும்படியே அவர் விரும்பியிருந்தார்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளையில் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர் பலர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மேசைக்கு இப்போது கண் மருந்துகளை விளக்கக்கூடிய ஒருவரும், தமிழைத் தெளிவாக எழுதக்கூடிய இளையவர் சிலரும் தேவைப்படுகிறார்கள். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கக்கூடிய பழைய மாணவர்கள், எந்தச் சமயத்தவராயினும், கிளைச் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.