ஆற்றில் ஒரு கால்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு ரோயிங் மெஷின், அதாவது உட்கார்ந்தபடி துடுப்புப் போடுகிற மாதிரி இழுத்து உடற்பயிற்சி செய்யும் மெஷின் கிடக்கிறது. பாஸ்டனுக்கு வந்த மூன்று வருடமாக அதன்மேல் யாரோ காயப்போட்ட துண்டைத்தான் பார்த்திருக்கிறேன். போன ஜனவரியில் டாக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்று சாயங்காலமே துண்டை ஓரமாக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். அந்த மெஷினின் காற்றாடிச் சக்கரத்தின் ஓரத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு பிடி இருக்கும். 10-ல் வைப்பதுதான் வீரம் என்று நினைத்து, கையாலேயே இழு இழுவென்று இழுத்தேன். நான்காவது நிமிடத்தில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அது எடையைக் கூட்டும் பிடி இல்லை, சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நிஜத் துடுப்புக்காரர்கள் பெரும்பாலும் 3, 4, 5 என்று வைத்துக்கொள்கிறார்கள். முதலில் காலால் உந்த வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கைக்குக் கடைசி வேலைதான்.

சில வாரம் கழித்து 2000 மீட்டரை 9 நிமிடம் 20 விநாடியில் முடித்தேன். 500 மீட்டருக்கு 2:20 என்று கணக்கு. உலகத் தரத்துப் பெண்கள் இதே தூரத்தை 6:40 வாக்கில் முடிப்பார்கள், அதாவது 500 மீட்டருக்கு 1:40. நாற்பது விநாடிதானே வித்தியாசம் என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த மெஷினில் வேகம் இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். என் 2:20-க்கு சுமார் 127 வாட் போதும். 1:40-க்கு 350 வாட் வேண்டும். அந்தப் பெண் ஒருத்தி இழுப்பதை இழுக்க என்னைப் போல் இரண்டே முக்கால் ஆள் வேண்டும்.

இந்த மெஷினுக்கும் எங்கள் ஊர் நதிக்கும் ஒரு உறவு உண்டு. குளிர்காலத்தில் சார்ல்ஸ் நதி உறைந்துபோகும், படகை இறக்க முடியாது. வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த ட்ரைஸிகாக்கர் சகோதரர்கள் 1981-ல் சைக்கிள் சக்கரத்தை வைத்து ஒரு மெஷின் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் கான்செப்ட் டூ. அதே காலத்தில் இங்கே குளிரில் சும்மா கிடந்த சில துடுப்புக்காரர்கள் தங்களுக்கு ‘சார்ல்ஸ் நதியின் காலாவதியான நட்சத்திரங்கள்’ என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்துக்கொண்டு, அறைக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தினார்கள். கிண்டலாகத் தொடங்கியது பின்னாளில் உலகப் போட்டியாகிவிட்டது. ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு சுத்தியல்!

இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜெவ்வி ஸ்டோன் கண்ணில் பட்டார். இந்த ஊர்க்காரர், துடுப்பு வீராங்கனை, டாக்டர். அம்மா லிசா 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டவர். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டி வந்ததே அந்த வருடம்தான். அப்பா கிரெக்கும் தேர்ந்த துடுப்புக்காரர், ஆனால் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் அவருடைய கனவு கரையிலேயே நின்றுவிட்டது. மகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். “டாக்டருக்குப் படிச்ச புள்ள எதுக்குத் துடுப்புப் போடணும்? ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தா உருப்படுமா?” என்றார்.

கேட்டது நியாயமான கேள்விதான். ஸ்டோன் என்ன செய்தார் என்று வருடம் வாரியாகப் பார்த்தேன். 2007-ல் பிரின்ஸ்டனில் பட்டம். பிறகு டஃப்ட்ஸில் மருத்துவப் படிப்பு. நடுவில் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு 2012-ல் லண்டன் ஒலிம்பிக், ஒற்றையர் படகில் ஏழாம் இடம். திரும்பி வந்து 2014-ல் படிப்பை முடித்தார். கையில் டாக்டர் பட்டம். ஆனால் மருத்துவமனைக்குப் போகாமல் நதிக்குப் போனார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் காற்று ஏரியைக் கலக்கியதில் இரண்டு நாள் போட்டிகள் ரத்தாயின. இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கிம் பிரென்னன் முதலில் வந்தார், ஒன்றரை விநாடிக்குள் ஸ்டோன் வந்தார். வெள்ளி. அப்போது வயது 31. அதன்பின் பாஸ்டனில் அவசர சிகிச்சை மருத்துவத்தில் பயிற்சி. அதையும் இடையில் நிறுத்திவிட்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார், இரட்டையர் படகில் கிறிஸ்டி வாக்னருடன் ஐந்தாம் இடம்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஏதோ 24 மணி நேரத்தை 30 ஆக்கத் தெரிந்தவர் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சேற்றில் கால் வைக்கும்போது ஆற்றிலிருந்து காலை எடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். போய்விட்டு வா, இடம் இருக்கும் என்று சொன்ன ஒரு கல்லூரி இருந்தது. வீட்டிலேயே ஒரு பயிற்சியாளர் இருந்தார். என் அக்கா மகன் பள்ளியில் நல்ல வாலிபால் ஆட்டக்காரன். எம்பிபிஎஸ் சேர்ந்த வாரமே அவன் ஷூ பரணுக்குப் போய்விட்டது. ஒரு வருடம் விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கலாம் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நேற்று 2000 மீட்டருக்கு 8:58 வந்தது. வேர்வை சொட்டச் சொட்ட அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அந்தப் பொண்ணு உங்க ஊர்லதான இருக்கு? உன் பிரஷரையும் ஒருவாட்டி பாக்கச் சொல்லேன்.”

“அவங்க அவசர சிகிச்சை டாக்டர்மா. அங்க போய்ப் படுக்காம இருக்கத்தான் இந்தத் துடுப்பே” என்றேன்.