முடுக்கில் அமுங்கிய காங்கிரீட்: ஒரு கட்டத்தைத் தூக்கினோம், ஒன்றை உடைத்தோம்

எங்கள் வீடு கோவில்பட்டியில். சுத்தக் கரிசல் மண். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றரை அடி அகலத்தில் ஒரு முடுக்கு, 28 அடி நீளம். அதில் நாலடிக்கு ஒன்றாக ஏழு கட்டம் காங்கிரீட் போட்டிருக்கிறது. மூன்று அங்குலக் கனம், உள்ளே கம்பி கிடையாது. துவைகல்லும் துளசி மாடமும் பின்பக்கம் இருப்பதால் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த வழியாகப் போய்வருவார்கள். நாலாவது, ஐந்தாவது கட்டங்கள் வீட்டுச் சுவரோரம் அமுங்க ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. 2022 கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அம்மாவின் கால் அந்த விளிம்பில் இடித்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் இதை இனி விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் அதைச் செய்யாமல் இருக்கட்டும். பள்ளம் தெரிந்த இடத்தில் சிமெண்டும் எம் சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து மேலே பூசி மட்டமாக்கினேன். சுவரோரம் முக்கால் அங்குலக் கனம், வெளியே வர வர ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோகும் பூச்சு. ஒரு கோடையிலேயே அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. கீழே இருக்கும் கட்டம் அசைந்துகொண்டிருக்கும்போது மேல்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்காது.

மே 2023, கத்திரி வெயில். அளந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டுச் சுவரில் பேஸ்மட்டத்துக்கு மேலே ஓர் ஆணி அடித்து, டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, ஒவ்வொரு கட்டத்தின் நாலு மூலையையும் நோட்டில் எழுதினேன். மூன்றாவது கட்டம் போட்டபடியே இருந்தது. நாலாவதில் ஒரு மூலை மட்டும், அதாவது ஐந்தாவதைத் தொடுகிற சுவரோர மூலை, ஒன்றேகால் அங்குலம் கீழே. ஐந்தாவது சுவர்ப்பக்கம் முழுக்க ஒன்றே முக்கால் அங்குலம் கீழே, நடுவில் விரிசல் வேறு. பிறகு கடப்பாரையின் பின்பக்கத்தால் அரையடிக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் கல்லைத் தட்டின மாதிரி 'ணங்'கென்று கேட்கும். கீழே வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டின மாதிரி 'டொக்'கென்று ஒலிக்கும். டொக் கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டேன். வட்டங்கள் எல்லாம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும் மூட்டைச் சுற்றியே விழுந்தன. அந்த மூட்டுக்குக் கீழேதான் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் மண்ணுக்குள் இறங்குகிறது.

உடனே உடைக்கலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்துத் தெருக் கொத்தனார் அண்ணாச்சி தடுத்துவிட்டார். "அண்ணாச்சி, இப்ப மண்ணு முழுக்கச் சுருங்கிக் கெடக்கு. இப்ப மட்டம் பாத்துப் போட்டீங்கன்னா ஐப்பசி மழைக்குத் தூக்கிரும். தை பொறக்கட்டும்." கரிசலோடு வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் புஞ்சைக்காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். வீட்டைச் சுற்றிப் போட்ட காங்கிரீட்டுக்குக் கீழேயும் அதே மண்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த டிசம்பர் யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டிய அதே மழை எங்கள் ஊரையும் விடவில்லை. முடுக்கில் தண்ணீர் வெளியே ஓடாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து ஓடியது. ஐந்தாவது கட்டத்தின் மேல் குளம் மாதிரி நின்று, சத்தமில்லாமல் சுவரோர இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டபின் அளந்தால் ஒன்றே முக்கால் அங்குலம் இரண்டேகால் ஆகியிருந்தது.

2024 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம் வேலையைத் தொடங்கினோம். ஐந்தாவது கட்டம் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்ததால் அதை எடுத்துவிடுவது என்று முடிவு. கைச்சுத்தியலும் உளியும் வைத்து ஓரத்தை வெட்டிவிட்டு, கடப்பாரையால் நெம்பித் துண்டு துண்டாக எடுத்தோம். கீழே பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. முழங்கை வரை கை போகிற பொந்து. மூன்று அங்குல பிவிசி குழாயின் எல்போவில், அதாவது வளைவு இணைப்பில், பசையே தடவவில்லை, சும்மா சொருகி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வீடு கட்டியவர் செய்த வேலை. எங்கள் மொட்டைமாடி 600 சதுர அடி. ஓர் அங்குல மழைக்கு ஏறக்குறைய 1,400 லிட்டர் தண்ணீர் அந்தக் குழாயில் இறங்கும். அதில் ஒரு பங்கு வருஷக்கணக்காக அஸ்திவாரத்தின் பக்கத்திலேயே மண்ணை அரித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இரண்டாவது காரணமும் அங்கேயே தெரிந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் (பள்ளம்) தோண்டும்போது சுவரை விட அகலமாகத்தான் தோண்டுவார்கள். சுவர் எழும்பியபின் பக்கவாட்டில் மிஞ்சிய பள்ளத்தை, தோண்டிய அதே கரிசல் கட்டிகளை அள்ளிப் போட்டு மூடியிருக்கிறார்கள், திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இடிக்கவே இல்லை. கட்டத்தின் வெளிப்பாதி உட்கார்ந்திருப்பது யாரும் தோண்டாத கெட்டி மண்ணில், சுவரோரப் பாதி உட்கார்ந்திருப்பது இந்தத் தளர்ந்த மண்ணில். சாய்வு வீட்டைப் பார்த்து விழுந்ததற்கு இதுதான் காரணம்.

குழாயை மறுபடி மண்ணுக்குள் விடவில்லை. வெளியே தெரிகிற மாதிரி சுவரோடு கிளிப் போட்டு, முன்வாசல் பக்கமிருக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கே கொண்டுபோய்விட்டேன். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய தொட்டி அது. பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். மூட்டில் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும், எனக்கு அது போதும்.

பள்ளத்தில் தளர்ந்திருந்த கரிசலை இரண்டடி வரை அள்ளி வெளியேற்றிவிட்டு சரள் மண் போட்டோம். மணல் கொட்டித் தண்ணீர் விட்டால் தானாக இறுகிவிடும் என்று பலர் சொன்னார்கள். கரிசலில் அது ஆபத்து. மணலுக்குள் தண்ணீர் தேங்கி நின்று சுற்றியிருக்கும் கரிசலை ஊறவைக்கும். சரளில் கலந்திருக்கும் கொஞ்சம் களி, கல்லைப் பிடித்து இறுக்கும், ஆனால் கரிசல் மாதிரி உப்பாது. அரையடிக்கு ஓர் அடுக்காக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் தெளித்து, திமிசு போட்டு இடித்தோம். இந்த வேலையில் என் தோள் இரண்டு நாள் வலித்தது. அவசரப்பட்டு இரண்டு அடுக்கை ஒன்றாகப் போட்டால் மேலே மட்டும் கெட்டியாகும், அடி பொதபொதவென்றே கிடக்கும்.

இனி நாலாவது கட்டம். இதை உடைக்க மனமில்லை, விரிசலே விடாத நல்ல காங்கிரீட். வெளிநாடுகளில் இப்படி அமுங்கியதைத் துளை போட்டு, சேற்றுக் குழம்போ ஃபோமோ அழுத்தத்தில் செலுத்தித் தூக்குகிறார்கள். நம்மிடம் இருந்தது கார் ஜாக்கி. கணக்குப் போட்டால் இந்தக் கட்டம் சுமார் 240 கிலோ, ஒரு மூலையை மட்டும் தூக்க ஜாக்கி தாராளம். கவலை எடையைப் பற்றியது இல்லை, கம்பி இல்லாத பலகை குறுக்கே விண்டுவிடக்கூடாதே என்பதுதான். முதலில் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்த பூச்சை அரை அங்குலம் வெட்டி விடுவித்தோம். இதைச் செய்யாமல் தூக்கினால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயரும். ஐந்தாவது கட்டம் இருந்த பள்ளத்தில் இறங்கி, அடியில் ஒரு தட்டைக்கல், அதன்மேல் ஜாக்கி, ஜாக்கிக்கு மேலே இரண்டடி நீளப் பலகை.

அண்ணாச்சி ஜாக்கியைக் கால் சுற்று திருப்புவார், நிறுத்துவார். நான் ரசமட்டத்தைப் பார்த்துச் சொல்வேன். பிறகு இருவரும் காதைக் கொடுத்துக் கேட்போம். ஒரு தடவை 'டக்'கென்று ஒரு சத்தம், நெஞ்சே நின்றுவிட்டது. மூன்றாவது கட்டத்தோடு ஒட்டியிருந்த மூட்டு விட்ட சத்தம்தான் அது. பலகையில் கீறல்கூட இல்லை. ஒன்றேகால் அங்குலம் ஏற நாற்பது நிமிஷம் ஆனது.

தூக்கிய இடத்தில் செங்கல் துண்டு முட்டுக் கொடுக்கலாம் என்றேன். அண்ணாச்சி விடவில்லை. "நாலு முட்டுல நின்னா நடுவுல ஒடிஞ்சிரும், முழுசும் மெத்தையில படுக்கணும்." சிமெண்டு ஒன்றுக்கு கிரஷர் தூசி ஆறு என்று, லேசான ஈரத்தில் கலந்து, தட்டை முனைக் கம்பியால் உள்ளிருந்து வெளியே வரும்படி அடித்துத் திணித்தோம். கம்பி எட்டாத இடத்துக்கு, கட்டத்தில் ஒரு அங்குலத் துளை போட்டு, சிமெண்டும் சலித்த தூசியும் கரைத்த குழம்பைப் புனல் வழியாக ஊற்றினோம். இரண்டு வாளி குடித்தது. இரண்டு நாள் கழித்து ஜாக்கியை எடுத்து மறுபடி தட்டினேன். 'ணங்'.

ஐந்தாவது கட்டத்தைப் புதிதாகப் போட்டது அரை நாள் வேலை. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, 1:4:8 கலவை (சிமெண்டு, மணல், ஜல்லி என்ற வரிசையில்), மூன்று அங்குலக் கனம். மேலே முக்கால் ஜல்லி 1:2:4 நாலு அங்குலம், மேல்தளத்துக்கு ஒரு மூட்டை சிமெண்டு போதும். வெளிப்பக்கம் ஒரு அங்குலம் சாய்வு. வீட்டுச் சுவருக்கும் கட்டத்துக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் வைத்து, காய்ந்தபின் அதன் மேல்பகுதியைச் சுரண்டித் தார் ஊற்றினேன். சுவரும் தளமும் கரிசலில் தனித்தனியாகத்தான் அசையும், சிமெண்டால் ஒட்டிவைத்தால் ஒன்று இன்னொன்றை இழுக்கும். மணியாசுக்கட்டை (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை) தேய்ப்போடு விட்டோம், வழவழப்புப் போடவில்லை, அம்மா ஈரக்காலோடு வருவார்கள். பத்து நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டேன். பொருள், கூலி எல்லாமாக 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

மே 2024 அளவு: நாலாவது அசையவில்லை. ஐந்தாவது மயிரிழை இறங்கியிருந்தது, ரூபாய் நாணயக் கனம்கூட இல்லை. டிசம்பர் 2024: இரண்டும் போட்ட மட்டத்திலேயே, தண்ணீர் காம்பவுண்டுச் சுவரோர வாய்க்காலைப் பார்த்து ஓடுகிறது. தார் ஒரு இடத்தில் சுவரை விட்டு விலகியிருந்தது, சூடாக்கி மறுபடி ஊற்றினேன்.

அதே அன்று வழக்கம்போல ஏழையும் தட்டிப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில், துவைகல் தண்ணீர் போகும் மூலையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு 'டொக்'. சுண்ணாம்பால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவைத்திருக்கிறேன். தை பிறந்ததும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.