அம்மா நேர்ந்த ஐம்பது பேர் சோறு

என் மகள் பதினோரு மாதக் குழந்தையாக மஞ்சள் காமாலையில் கிடந்தபோது என் அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார்: "பிள்ளை பிழைச்சா நடந்து வந்து அம்பது பேருக்குச் சோறு போடுறேன் தாயே." பிள்ளை பிழைத்துவிட்டாள். இந்தத் தை மாதம் அம்மா போய்விட்டார். மாதா கோவில் பசிலிக்கா என்ற உயர்ந்த அந்தஸ்தைப் பெற்ற அதே 1962-ல் பிறந்தவர் அவர், அதில் அவ்வளவு பெருமை. நேர்ச்சை என் பொறுப்பில் வந்தது.

கையில் இருந்தது 2,300 ரூபாய். ஆடி முழுக்க வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. "அடுத்த வருஷம் பார்ப்போமே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பைபிளில் வரும் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் பஞ்சத்தில் இருந்ததும் ஒரு கைப்பிடி மாவுதானே? அதிலும் முதல் அப்பத்தைத் தனக்குச் சுடச் சொன்னார் இறைவாக்கினர் எலியா; கொடுத்த பிறகும் அவள் பானையில் மாவு தீரவே இல்லையே. மகளைப் பஸ்ஸில் கூட்டிவரத் தம்பியிடம் சொல்லிவிட்டு, காவி கட்டித் தஞ்சாவூரிலிருந்து இருவரும் நடந்தோம்.

நீடாமங்கலம் தாண்டுவதற்குள் பாதமெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் கீழ்வேளூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பாட்டி, பக்கத்தில் சின்ன மண்பானையில் நீர்மோர். மேலே எலுமிச்சை இலை மிதந்தது. வருகிற காவிக் கூட்டத்துக்கெல்லாம் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். எட்டிப் பார்த்தேன், அடியில்தான் கிடந்தது. அரை டம்ளர் போதும் என்றேன். "பானையைப் பாக்காத தாயி, குடி. தீந்தா கரைச்சுக்கலாம்" என்று விளிம்புவரை ஊற்றினார்.

வேளாங்கண்ணி வந்து மாதா குளத்தில் முகம் கழுவும்போதும் அந்தப் பானைதான் கண்ணுக்குள் நின்றது. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன சிறுவன் மாதாவின் குழந்தைக்குப் பால் கொடுத்தது இந்த இடத்தில்தானே! கொடுத்த பிறகும், போய்ச் சேர்ந்த வீட்டில் அவன் குடம் பொங்கி வழிந்ததே!

ஊருக்குள் ரூம் புரோக்கர்கள் பிய்த்து எடுக்கிறார்கள். வழக்கமான வாடகையைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். திருவிழா நேரத்தில், நடந்து வந்தவர்களிடம் இப்படிக் கேட்கலாமா? மணலிலேயே துண்டை விரித்துப் படுத்தோம்.

மறுநாள் வரிசையில் நான்கு மணி நேரம். சந்நிதிக்கு வந்ததும் "நகரும்மா, நகரு" என்று தள்ளுகிறார்கள். வட்டிக் கடன், அவர் வேலை, எல்லாம் கேட்க நினைத்திருந்தேன். இடுப்பில் இருந்த மகள் மாதாவின் கையிலிருந்த குழந்தை இயேசுவைக் காட்டி, "பாப்பாவையும் ஆத்தா தூக்கி வந்தாங்களா?" என்றாள். அம்மாவைத்தான் அவள் ஆத்தா என்பாள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அழுதபடியே வெளியே வந்தேன். தாயே, பிள்ளையைக் கொடுத்தாயே, அது போதும் எனக்கு.

மிச்சப் பணத்துக்கு மெஸ்ஸில் முப்பத்திரண்டு பொட்டலம்தான் கிடைத்தது. அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் சப்பரத்தோடு நடந்து வந்த ஒரு குழு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு அண்ணன் வந்து, "அக்கா, எங்ககிட்ட அரை மூட்டை அரிசியும் புளிக்காய்ச்சலும் மிஞ்சிக் கிடக்கு. நேர்ச்சைக்கு ஆகுமா?" என்றார். அவர்களே அடுப்பும் மூட்டிக் கொடுத்தார்கள்.

எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணவில்லை. இருட்டிய பிறகு, அண்டாவை வழித்த கடைசிக் கவளத்தை மகளுக்கு ஊட்டினேன். "இன்னும் வேணும்" என்றாள்.